303-ஆம் படையணி (ஆர்காடி ஃபீட்லர் நூல்) – விமர்சனம்

'303-ஆம் படையணி' என்பது போலந்து எழுத்தாளர் ஆர்காடி ஃபீட்லர் எழுதிய போர்க்கால நூலாகும். போலந்து மொழியில் இதன் பெயர் 'டிவிஸ்யோன் 303'. நாட்டை இழந்து பிரிட்டனுக்கு வந்து சேர்ந்த போலந்து விமானிகள் 1940-ஆம் ஆண்டு பிரிட்டன் வான்போரில் பிரிட்டிஷ் அரச விமானப்படையோடு சேர்ந்து போரிட்டதை இந்நூல் சொல்கிறது. 1942-இல் லண்டனில் வெளிவந்தது. அதே ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. ஜெர்மனியின் பிடியில் இருந்த போலந்துக்குள் ரகசியமாக அச்சிடப்பட்டுக் கைமாறியது. போருக்குப் பின் போலந்துப் பள்ளி மாணவர்கள் பலர் இதைப் பாடமாகப் படித்தனர்.

நம் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் போலந்து பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடும். 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்தைத் தாக்கியது, இரண்டாம் உலகப் போர் தொடங்கியது என்பதே அந்த வரி. தாக்கப்பட்ட நாட்டின் வீரர்கள் பிறகு எங்கே போனார்கள், யாரோடு சேர்ந்து போரிட்டார்கள், போர் முடிந்தபின் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பவை பாடத்தில் வருவதில்லை. இந்த வினாக்களில் முதல் இரண்டுக்கு ஃபீட்லரின் நூல் விடை தருகிறது. மூன்றாவதற்கு அது விடை தர இயலாது. ஏனெனில் அது போர் முடிவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகிவிட்டது. இன்று இந்நூலைப் படிப்பவர் அந்த மூன்றாவது விடையைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும் என்பதும், அப்படிப் படித்தால் நூலின் பலம் எங்கே, பலவீனம் எங்கே என்ற கணக்கு மாறிவிடும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

ஆசிரியர்

ஆர்காடி ஃபீட்லர் (1894–1985) மேற்குப் போலந்தின் போஸ்னான் நகரில் பிறந்தவர். போருக்கு முன்பே பயண நூல்களால் புகழ்பெற்றவர். பிரேசில், பெரு, கனடா ஆகிய நாடுகளின் காடுகளிலும் ஆற்றங்கரைகளிலும் திரிந்து, பறவை, மீன், பூச்சி, மனிதர் என எல்லாவற்றையும் கூர்ந்து பார்த்து எழுதினார். பெரு நாட்டின் உகயாலி ஆற்றைப் பற்றியும் கனடாவின் காடுகளைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் 1930-களில் போலந்து வாசகர்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றன.

1939-இல் போர் வெடித்தபோது அவர் பசிபிக் பெருங்கடலின் தாஹித்தித் தீவில் இருந்தார். அங்கிருந்து பிரான்சுக்கும், பிரான்ஸ் வீழ்ந்தபின் பிரிட்டனுக்கும் வந்து சேர்ந்தார். 1940-இல் லண்டனுக்கு மேற்கே உள்ள நார்த்தோல்ட் விமானத்தளத்தில் 303-ஆம் படையணி விமானிகளைச் சந்தித்துப் பேசி இந்நூலை எழுதினார். விமானி மிரோஸ்லாவ் ஃபெரிச் எழுதிவந்த நாட்குறிப்பும் அவருக்குப் பயன்பட்டது. ஃபெரிச்சின் அந்தக் குறிப்பேடு நாளடைவில் படையணியின் அதிகாரபூர்வ வரலாற்றேடாகவே ஆயிற்று.

ஃபீட்லர் போர்ச் செய்தியாளர் அல்லர் என்பது நூலின் நடையை விளங்கிக்கொள்ள முக்கியமானது. ஓர் இயற்கை ஆர்வலரின் கண்ணோடு அவர் விமானத்தளத்துக்குள் நுழைந்தார். நூலின் நல்ல பக்கங்களுக்கும் சங்கடமான பக்கங்களுக்கும் இதுவே காரணம்.

வரலாற்றுப் பின்னணி

1939 செப்டம்பர் 1 அன்று மேற்கிலிருந்து ஜெர்மனியும், செப்டம்பர் 17 அன்று கிழக்கிலிருந்து சோவியத் ஒன்றியமும் போலந்துக்குள் நுழைந்தன. போலந்து விமானப்படையினர் ருமேனியா, ஹங்கேரி எல்லைகளைக் கடந்து வெளியேறினர். அங்கே முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் தப்பி, பல வழிகளில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தனர். 1940 ஜூனில் பிரான்சும் சரணடைந்தது. மறுபடியும் கப்பல் ஏறி பிரிட்டனுக்கு வந்தனர். ஒன்பது மாதத்துக்குள் இரண்டு நாடுகள் தங்கள் கண்முன் விழுந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்.

பிரிட்டிஷ் அதிகாரிகள் அவர்களை நம்பவில்லை. சில வாரங்களில் தோற்றுப்போன ஒரு படையின் மிச்சம் என்றே கருதினர். முதலில் பிரிட்டிஷ் தன்னார்வப் படையில் சேர்ந்து பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கவேண்டிய நிலை இருந்தது. 1940 ஆகஸ்ட் 5 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, பிரிட்டிஷ் தலைமையின்கீழ் இயங்கினாலும் போலந்து விமானப்படை தனி நாட்டுப் படையே என்பது ஏற்கப்பட்டது.

நடைமுறைச் சிக்கல்களும் இருந்தன. அவர்கள் பழகிய விமானங்களில் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் திராட்டில் பிடியை இயக்கும் திசை பிரிட்டிஷ் விமானத்தில் நேர்மாறாக இருந்தது. கிலோமீட்டரிலும் மீட்டரிலும் எண்ணிப் பழகியவர்கள் மைலிலும் அடியிலும் எண்ண வேண்டியிருந்தது. போலந்தில் பலர் ஓட்டிய பழைய போர்விமானத்தில் சக்கரங்கள் நிலையாக இருந்தன. ஹரிக்கேன் விமானத்தில் இறங்குவதற்கு முன் சக்கரத்தை நினைவாக இறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக மொழி. வானொலியில் வரும் ஆங்கிலக் கட்டளை புரியாவிட்டால் விமானி தானும் சாவார், பக்கத்தில் பறப்பவரையும் சாகடிப்பார். ஆகவே வானொலியும் திசைகாட்டியும் பொருத்திய மூன்று சக்கர மிதிவண்டிகளில் ஏறி, மைதானத்தில் அணிவகுத்து ஓட்டி, ஆங்கிலக் கட்டளைகளுக்கு ஏற்பத் திரும்பப் பழகினர். போலந்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்திருந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

303-ஆம் படையணிக்குப் போலந்து வீரர் கொஷ்சியுஷ்கோவின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் அமெரிக்கர் பக்கம் நின்று போரிட்ட போலந்துக்காரர் அவர். 1919 முதல் 1921 வரை போலந்துக்கும் சோவியத்துக்கும் நடந்த போரில் அமெரிக்க விமானிகள் சிலர் போலந்துக்காகப் பறந்தனர். தங்கள் அணிக்குக் கொஷ்சியுஷ்கோவின் பெயரை அவர்கள் வைத்தனர். அவர்களில் ஒருவரான மெரியன் கூப்பர்தான் பின்னாளில் 'கிங் காங்' திரைப்படத்தை இயக்கிய இருவரில் ஒருவர். அந்த அணியின் பெயரும் சின்னமும் 303-ஆம் படையணிக்கு வந்தன. பிறர் மண்ணுக்காகப் போரிடுவது என்ற வழக்கம் இவ்வாறு சுற்றி வந்து நார்த்தோல்ட்டில் நின்றது.

படையணியில் பிரிட்டிஷ் தரப்பில் ரொனால்ட் கெல்லட்டும் கனடாக்காரரான ஜான் கென்டும், போலந்துத் தரப்பில் ஸ்டிஸ்வாவ் க்ராஸ்னொடெம்ப்ஸ்கியும் அவருக்குப் பின் விடோல்ட் உர்பனோவிச்சும் தலைமை வகித்தனர். 1940 ஆகஸ்ட் 30 அன்று பயிற்சிப் பறப்பின்போது லுட்விக் பாஷ்கியெவிச் என்ற விமானி எதிரி விமானத்தைக் கண்டு, அணியிலிருந்து விலகிச் சென்று அதை வீழ்த்தினார். மறுநாளே 303-ஆம் படையணி போர்ப் பணிக்குத் தகுதியானதாக அறிவிக்கப்பட்டது. ஓய்வுக்காக வடக்கே அனுப்பப்பட்ட அக்டோபர் 11 வரை 42 நாட்கள் அது சண்டையிட்டது. ஃபீட்லரின் நூல் எடுத்துக்கொண்ட களம் இந்த 42 நாட்களே.

நூலின் நடை

நூல் சிறியது. ஒவ்வொரு மோதலையும் தனித்தனியே எடுத்து, வேகமான சிறு சிறு காட்சிகளாகச் சொல்லிச் செல்கிறது. ஆசிரியர் தம்மை முன்னிறுத்துவதில்லை. விமானி சொன்னதை வாங்கி, அவர் பார்த்த கோணத்திலிருந்தே வாசகருக்குக் காட்டுகிறார். ஒளி எந்தப் பக்கம், மேகம் எந்த உயரத்தில், எதிரி எங்கிருந்து வந்தான் என்பவை துல்லியமாக இருக்கின்றன. காட்டில் பறவையைக் கண்காணித்த பழக்கம் இங்கே கைகொடுத்திருக்கிறது.

அதே பழக்கம் வேறொரு பக்கமும் இழுக்கிறது. வான்போர் இந்நூலில் அடிக்கடி வேட்டையாகிவிடுகிறது. வேட்டையில் இரைக்கு முகம் கிடையாது. ஜெர்மன் விமானங்கள் வருகின்றன, புகைகின்றன, விழுகின்றன. உள்ளே இருந்தவர்கள் வாசகரின் நினைவுக்கு வருவதே இல்லை. வார்சா நகரம் குண்டுகளால் எரிந்ததைக் கண்ணால் கண்டவர்களின் கதையில் இந்தச் சினம் இயல்பானது. ஆனால் இலக்கியம் என்ற அளவில் இது ஒரு குறையே.

அச்சமும் களைப்பும் நூலில் போதிய இடம் பெறவில்லை. ஒரே நாளில் பலமுறை பறந்து, நண்பனின் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து இரவு உணவு உண்டவர்களின் மனநிலை ஒன்றிரண்டு வரிகளில் கடந்துபோகிறது. நாட்டுக்குள் தவித்திருந்த மக்களுக்கு ஊக்கம் தர எழுதப்பட்ட நூல் ஆகையால், சோர்வைக் காட்டுவதை ஆசிரியர் தவிர்த்திருக்கிறார்.

இன்னொரு கட்டாயமும் இருந்தது. விமானிகளின் குடும்பத்தினர் ஜெர்மன் ஆட்சியின்கீழ் போலந்தில் இருந்தனர். உண்மைப் பெயர் வெளியானால் அவர்களுக்கு ஆபத்து. ஆகவே முதற்பதிப்பில் பெயர்கள் மாற்றி எழுதப்பட்டன. பின்னர் வந்த பதிப்புகளில்தான் உண்மைப் பெயர்கள் இடம்பெற்றன. நூல் அச்சான 1942-க்குள் அதன் நாயகர்களில் பலர் இறந்திருந்தனர். பாஷ்கியெவிச் 1940 செப்டம்பர் 27 அன்று கொல்லப்பட்டார். செக் நாட்டவரான யோசெஃப் ஃபிரான்டிஷெக் 1940 அக்டோபர் 8 அன்றும், ஹென்னெபெர்க் 1941 ஏப்ரலிலும், நாட்குறிப்பு எழுதிய ஃபெரிச் 1942 பிப்ரவரியிலும் இறந்தனர்.

126 என்ற எண்

42 நாட்களில் 126 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக 303-ஆம் படையணி கணக்குக் கொடுத்தது. நூலும் அதையே சொல்கிறது. இந்த எண் படையணியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. போருக்குப் பின் ஜெர்மன் ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், உண்மையில் விழுந்தவை இதில் ஏறக்குறைய பாதியோ அதற்கும் குறைவோ என்று கணித்துள்ளனர்.

இதைக் கொண்டு போலந்து விமானிகள் பொய் சொன்னார்கள் என்று முடிவுகட்டுவது தவறு. வான்போரில் ஒரே விமானத்தை இருவர் மூவர் சுடுவர். அது புகைந்துகொண்டு கீழே பாயும். ஒவ்வொருவரும் தாமே வீழ்த்தியதாக நம்புவர். மேகத்துக்குள் மறைந்த விமானம் தட்டுத் தடுமாறி ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பவர் நின்று பார்க்க முடியாது. இது எல்லாப் படைகளிலும் நடந்தது. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்கள் வீழ்த்தப்பட்டதாக பிரிட்டன் அறிவித்தது. உண்மையான எண்ணிக்கை 60-ஐ ஒட்டியது. போலந்து விமானிகளின் கணக்கை நம்பாத நார்த்தோல்ட் தளத்தின் தலைவர் ஸ்டான்லி வின்சென்ட் ஒருநாள் தாமே விமானத்தில் ஏறி அவர்கள் பின்னால் பறந்து பார்த்தார். அவர்கள் சண்டையிடும் விதத்தைக் கண்டு சந்தேகம் தீர்ந்து இறங்கினார். குறைத்துக் கணக்கிட்டாலும், ஹரிக்கேன் விமானம் ஓட்டிய படையணிகளில் 303 முன்னணியில் நின்றது என்பதை ஆய்வாளர்கள் ஏற்கின்றனர்.

எண் சரியா தவறா என்பதைவிட, அது எதற்குத் தேவைப்பட்டது என்பது விமர்சகர் கேட்கவேண்டிய கேள்வி. ஆயிரம் யானையைக் கொன்றவனைப் பாடுவது பரணி என்று நம் பாட்டியல் நூல்கள் வகுத்தன. அங்கே எண் என்பது வெற்றியாளனின் பெருமைக்கு அளவு. ஃபீட்லரின் நூலில் எண் வேறொரு வேலை செய்கிறது. வீடில்லாதவர் தம்மை ஏற்றுக்கொண்ட வீட்டில் தாம் சும்மா உண்ணவில்லை என்று காட்டும் கணக்கு அது. 'நாங்கள் தோற்றவர்கள் அல்லர், உங்களுக்குப் பயன்படுபவர்கள், எங்களை நினைவில் வையுங்கள்' என்ற வேண்டுகோள் அதனுள் இருக்கிறது. நூலின் பெருமிதத்துக்கு அடியில் ஓடும் இந்தப் பதற்றத்தை நான் அதன் மிக உண்மையான பகுதியாகக் கருதுகிறேன். ஆசிரியர் அதை வெளிப்படையாக எழுதவில்லை. கணக்கு திரும்பத் திரும்ப வருவதிலிருந்து அது தெரிகிறது.

தரைப் பணியாளர்களும் ஃபிரான்டிஷெக்கும்

நூலில் மாணவர்கள் தவறாமல் படிக்கவேண்டிய பகுதி, விமானங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளைப் பற்றியது. 'அன்பான சிறு வண்டுகள்' என்று பொருள்படும் தலைப்பில் அவர்களுக்குத் தனி அத்தியாயமே உண்டு. சண்டை முடிந்து குண்டு துளைத்த இறக்கைகளோடு விமானங்கள் இறங்குகின்றன. விமானி உறங்கப் போகிறார். மெக்கானிக்கு விடிய விடிய வேலை செய்கிறார். காலையில் விமானம் மறுபடி பறக்கத் தயாராக நிற்கிறது. பதக்கமோ புகைப்படமோ அவருக்கு இல்லை. விமானியைப் போலவே அவரும் ருமேனியாவும் பிரான்சும் கடந்து வந்த அகதிதான். இந்தப் பக்கங்களில் ஃபீட்லரின் வேட்டை மொழி அடங்கிவிடுகிறது. சிறு உயிர்களை நேசித்துப் பார்த்த பழைய பயண எழுத்தாளர் திரும்பி வருகிறார். எண்ணிக்கை இல்லாமலே பெருமையைச் சொல்ல முடியும் என்பதற்கு நூலுக்குள்ளேயே இருக்கும் சான்று இது.

ஃபிரான்டிஷெக்கைப் பற்றிய பகுதியும் குறிப்பிடத்தக்கது. செக் நாடு ஜெர்மனியிடம் வீழ்ந்ததும் போலந்துக்கு வந்தவர் அவர். போலந்து வீழ்ந்ததும் போலந்துக்காரர்களோடு சேர்ந்து வெளியேறினார். அகதிகளிடையே அவர் இரட்டை அகதி. அணியில் நிற்காமல் தனியே சென்று எதிரியைத் தேடும் வழக்கம் அவருக்கு இருந்தது. 17 விமானங்களை வீழ்த்தியவராகக் கணக்கிடப்பட்டு, பிரிட்டன் வான்போரின் முதல்வரிசை வீரர்களில் ஒருவரானார். அவருடைய தனிப்போக்கை ஃபீட்லர் வீரம் என்று போற்றுகிறார். ஒருவர் அணியை விட்டு விலகும்போது மற்றவர்களுக்கு ஏற்படும் ஆபத்தை அவர் ஆழமாக எடுத்துப் பேசவில்லை. ஒற்றுமையே இந்தப் படையணியின் பலம் என்று பிற இடங்களில் வலியுறுத்தும் நூலில் இது ஒரு முரண். ஆயினும், போலந்துப் பெருமையைப் பேச எழுந்த நூல், செக் நாட்டவர் ஒருவரைத் தன் நாயகர்களில் ஒருவராக ஏற்றிருப்பது பாராட்டத்தக்கது.

நூலில் இல்லாதவை

நூலின் எல்லையை வாசகர் அறிந்திருக்க வேண்டும். இது போர்விமானிகளின் கதை மட்டுமே. பிரிட்டன் வான்போரில் 145 போலந்து விமானிகள் பங்கேற்றனர். பலர் பிரிட்டிஷ் படையணிகளில் ஒருவர் இருவராகப் பிரிந்து பறந்தனர். 302-ஆம் போலந்துப் படையணியும் அப்போரில் இருந்தது. 300, 301 என்ற குண்டுவீச்சுப் படையணிகளும் 1940-இலேயே உருவாயின. போர் முழுவதையும் கணக்கிட்டால் ஏறத்தாழ 17,000 பேர் பிரிட்டனில் போலந்து விமானப்படையில் பணியாற்றினர். குண்டுவீச்சு விமானத்தில் இரவில் பறந்து திரும்பாதவர்களுக்கு ஃபீட்லரின் நூலைப் போல் ஒன்று அமையவில்லை. நேருக்கு நேர் மோதும் போர்விமானி நாயகனாக எளிதில் பொருந்துகிறார். இருட்டில் ஏழெட்டு மணி நேரம் குளிரில் உட்கார்ந்து போய்வருபவர் பொருந்துவதில்லை.

1944 ஆகஸ்டில் வார்சா மக்கள் ஜெர்மானியரை எதிர்த்துக் கிளர்ந்தபோது, இத்தாலியின் பிரின்டிசியிலிருந்து போலந்து விமானிகள் ஆயுதமும் உணவும் ஏற்றிக்கொண்டு பறந்து தங்கள் தலைநகர் மீதே போட்டனர். பலர் வழியில் சுட்டு வீழ்த்தப்பட்டனர். லண்டனைக் காத்தவர்களின் படை தன் சொந்த நகரத்துக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஃபீட்லரின் நூலில் ஒளிரும் நம்பிக்கைக்கு எதிரே இதை வைத்துப் பார்க்க வேண்டும்.

திரைப்படங்கள்

இந்தப் படையணி பொதுமக்கள் நினைவில் நிற்பதற்குத் திரைப்படங்களும் காரணம். கை ஹாமில்டன் இயக்கிய 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' (1969) படத்தில், பயிற்சியில் இருக்கும் போலந்து விமானிகள் எதிரியைக் கண்டதும் ஒருவர்பின் ஒருவராக அணியை விட்டுப் பாய்கின்றனர். பிரிட்டிஷ் தலைவரின் ஆங்கிலக் கட்டளை அவர்களுக்குப் புரியவில்லை அல்லது புரியாததுபோல் நடிக்கின்றனர். அரங்கில் சிரிப்பை வரவழைக்கும் காட்சி. உண்மையில் அன்று விலகிச் சென்றவர் பாஷ்கியெவிச் ஒருவர்தான். மற்றவர்கள் தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட குண்டுவீச்சு விமானங்களோடு ஒழுங்காக நின்றனர். ஒருவரின் செயலை ஓர் இனத்தின் குணமாக மாற்றிவிட்டது படம். 'துணிச்சல் உண்டு, கட்டுப்பாடு இல்லை' என்ற பார்வை அன்பாகச் சொல்லப்பட்டாலும் அது மேலிருந்து கீழே பார்க்கும் பார்வையே.

2018-இல் ஒரே ஆண்டில் இரண்டு படங்கள் வந்தன. டேவிட் பிளேர் இயக்கிய 'ஹரிக்கேன்' யான் ஸும்பாக் என்ற விமானியை மையமாகக் கொண்டது. டெனிஸ் டெலிச் இயக்கிய போலந்துப் படம் ஃபீட்லரின் நூலை ஒட்டி அமைந்தது. போலந்து விடுதலை பெற்ற நூறாம் ஆண்டு அது. போலந்துப் படம் பெருமிதத்தில் நூலை மிஞ்சுகிறது. ஆனால் நூலில் இருந்த கண்கூர்மை அதில் இல்லை. 'ஹரிக்கேன்' படம் போருக்குப் பின் இவர்கள் வேண்டாதவர்களாகிப்போனதையும் தொட்டுக் காட்டுகிறது. அந்த அளவில் அது மற்ற படங்களைவிட நேர்மையானது. இரண்டிலுமே மெக்கானிக்குகள் பின்னணியில் ஓடும் உருவங்களாகச் சுருங்கிவிட்டனர். எண்பது ஆண்டுக்குப் பின் எடுத்த படங்கள் கவனிக்காததை, போர் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதிய ஃபீட்லர் கவனித்தார் என்பது அவருக்குப் பெருமை.

செக் விமானிகளைப் பற்றி யான் ஸ்வெராக் இயக்கிய 'டார்க் புளூ வேர்ல்ட்' (2001) படத்தையும் இங்கே நினைவுகூரலாம். பிரிட்டனுக்காகப் பறந்தவர் தாய்நாடு திரும்பியபின் கம்யூனிஸ்ட் ஆட்சியில் சிறையில் இருக்கிறார். அங்கிருந்து கதை பின்னோக்கிச் செல்கிறது. வெற்றியையும் அதன் முடிவையும் சேர்த்தே பார்க்க வைப்பதில், பொதுவாக இவ்வகைப் படங்களில் அது மேம்பட்டது.

நூலுக்குப் பின் நடந்தவை

போர்விமானப் படையின் தலைவராக இருந்த ஹியூ டௌடிங், போலந்துப் படையணிகள் இல்லாதிருந்தால் போரின் முடிவு இதேபோல் இருந்திருக்கும் என்று சொல்லத் தமக்குத் தயக்கமாக இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். அரசர் ஆறாம் ஜார்ஜ் 1940 செப்டம்பர் 26 அன்று நார்த்தோல்ட்டுக்கே வந்து அவர்களைச் சந்தித்தார். இந்தப் பாராட்டுகள் உண்மையானவை.

1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் போலந்தின் எதிர்காலம் போலந்து அரசின் பிரதிநிதி இல்லாமலே பேசி முடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டன், லண்டனில் இருந்த போலந்து அரசுக்கு அளித்த அங்கீகாரத்தை விலக்கி, வார்சாவில் சோவியத் ஆதரவோடு அமைந்த அரசை ஏற்றது. 1946 ஜூன் 8 அன்று லண்டனில் வெற்றி அணிவகுப்பு நடந்தது. மேற்கில் போரிட்ட போலந்துத் தரைப்படையும் கடற்படையும் அழைக்கப்படவில்லை. விமானப்படையினர் 25 பேருக்கு மட்டும் அழைப்பு வந்தது. தோழர்களை விட்டுவிட்டுத் தாம் மட்டும் நடக்க அவர்கள் மறுத்துவிட்டனர்.

நாடு திரும்பியவர்களின் நிலையும் கொடியது. பிரிட்டன் வான்போரில் பறந்து, பிற்காலத்தில் போலந்தின் முதல்வரிசைப் போர்விமானியாக மதிக்கப்பட்ட ஸ்டானிஸ்வாவ் ஸ்கால்ஸ்கி 1948-இல் போலந்தில் கைதானார். அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஆயுள் தண்டனையாகி, 1956-இல் விடுதலையானார். திரும்பாதவர்கள் உலகெங்கும் சிதறினர். க்ராஸ்னொடெம்ப்ஸ்கி தென்னாப்பிரிக்காவுக்கும் பிறகு கனடாவுக்கும் போனார். உர்பனோவிச் 1943-இல் சீனாவில் அமெரிக்கப் படையோடு சேர்ந்து ஜப்பானை எதிர்த்துப் பறந்தார். போருக்குப் பின் அமெரிக்காவில் வாழ்ந்து 1996-இல் இறந்தார். ஸும்பாக் 1960-களில் ஆப்பிரிக்காவில், கட்டாங்காவுக்காகவும் பியாஃப்ராவுக்காகவும், கூலிக்குப் போரிடும் விமானியானார். நாட்டுக்காகப் பறந்தவர் கடைசியில் கூலிக்குப் பறந்தது எந்த நாயகக் கதையிலும் அடங்காத முடிவு.

ஃபீட்லர் 1946-இல் போலந்து திரும்பினார். மறுபடி பயண நூல்கள் எழுதினார். போஸ்னான் அருகே புஷ்சிகோவோ என்னும் ஊரில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது. நார்த்தோல்ட் விமானத்தளத்தின் அருகே 1948-இல் போலந்து விமானப்படையினருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது.

மதிப்பீடு

'303-ஆம் படையணி' ஒரு பிரசார நூல் என்று ஒதுக்குவோர் உண்டு. பிரசாரம் அதில் இருக்கிறது என்பது உண்மை. எதிரிக்கு முகம் இல்லை, அச்சத்துக்கு இடம் இல்லை, எண்கள் மிகைப்பட்டவை. ஆனால் எழுதப்பட்ட காலத்தையும் யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் மறந்துவிட்டுத் தீர்ப்பளிக்கக் கூடாது. பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும் ஒருவர் ரகசியமாக இந்நூலை அச்சிட்டார், இன்னொருவர் வாங்கிப் படித்தார். அவர்களுக்குத் தேவைப்பட்டது நுட்பமான உளவியல் அல்ல. தம் பிள்ளைகள் எங்கோ உயிரோடு இருந்து போராடுகிறார்கள் என்ற செய்தி அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதை இந்நூல் கொண்டுசேர்த்தது.

இன்றைய வாசகருக்கு அந்தத் தேவை இல்லை. ஆகவே நூலில் வேறு பக்கங்கள் முன்னுக்கு வருகின்றன. வெற்றிக் கணக்கைவிட மெக்கானிக்கின் இரவுப் பணியும், செக் நாட்டவர் ஒருவரைத் தம்மவராக ஏற்ற அன்பும், மாற்றி எழுதப்பட்ட பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் குடும்பங்களும் நிலைத்து நிற்கின்றன. அகதியாய் வந்தவர் தம் பயனை நிரூபித்தால்தான் மதிப்பு என்ற எண்ணத்தை ஃபீட்லரும் அறியாமலே ஏற்றிருந்தார். அந்த நிரூபணம் 126 என்ற எண்ணாக முன்வைக்கப்பட்டது. 1946-இல் அந்த எண் அவர்களுக்கு உதவவில்லை. ஆதரவு தேடி வந்தவரை எந்த அளவுகோலால் மதிப்பது என்ற கேள்வி இன்றும் எல்லா நாடுகளிலும் இருப்பதால், இந்த நூல் பழையதாகிவிடவில்லை.

மாணவர்கள் இதைப் படிக்கும்போது மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். முதலாவதாக, நூலில் வரும் ஒவ்வொரு விமானியும் எந்த ஆண்டில், எந்த நாட்டில் இறந்தார் என்று ஒரு பட்டியல் இடலாம். இரண்டாவதாக, பாஷ்கியெவிச்சின் ஆகஸ்ட் 30 நிகழ்ச்சியை நூலிலும் 1969-ஆம் ஆண்டுப் படத்திலும் ஒப்பிட்டு, எது மாறியது, ஏன் மாறியது என்று எழுதலாம். மூன்றாவதாக, மெக்கானிக்குகள் பற்றிய அத்தியாயத்தை ஒரு சண்டை அத்தியாயத்தோடு சேர்த்துப் படித்து, ஆசிரியரின் மொழி எங்கே மாறுகிறது என்று குறிக்கலாம். ஒரு நூலை வணங்காமலும் இகழாமலும் வாசிக்க இது நல்ல பயிற்சி.